இழுப்பறையில் சேர்ந்துவிட்ட எஸ்எஸ்டிகளை வீட்டு மீடியா சர்வரில் எங்கே பொருத்துவது?

அடுக்குப்பெட்டி எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். வீட்டிலுள்ள கணினிகளை ஒவ்வொன்றாகத் தரம் உயர்த்தியபோது கழற்றி வைத்த எஸ்எஸ்டிகள் (சுழலும் பாகமில்லாத ஃபிளாஷ் சேமிப்பகங்கள்) நான்கு என் மேசை இழுப்பறையில் கிடக்கின்றன. அவற்றில் 120 ஜிபி சாட்டா (கேபிளில் இணையும் வகை) ஒன்று, 250 ஜிபி சாட்டா இரண்டு, 500 ஜிபி என்விஎம்இ (மதர்போர்டில் நேராகச் செருகும் வகை) ஒன்று. எல்லாமே ஏற்கெனவே சில ஆண்டுகள் உழைத்தவை.

என் சர்வரில் 8 டிபி வன்தட்டுகள் நான்கை ஜெட்எஃப்எஸ் கோப்பு முறைமையின் ரெய்டு-இசட்1 அமைப்பில் (ஒரு தட்டு பழுதானாலும் தரவு தப்பும்) சேர்த்து வைத்திருக்கிறேன். ராம் 16 ஜிபி, நெட்வொர்க் கிகாபிட், இயங்குதளம் டெபியன். அந்த இயங்குதளம் இன்றுவரை ஒரு யூஎஸ்பி பென் டிரைவிலிருந்துதான் ஏறிக்கொண்டிருக்கிறது. படங்களையும் தொடர்களையும் பார்ப்பதற்கு ஜெல்லிஃபின் என்னும் மென்பொருள். அதன் தரவுத்தளம், போஸ்டர்கள், டிரான்ஸ்கோடிங்கின் (பார்க்கும் கருவிக்கேற்ற வடிவுக்குப் படத்தை மாற்றுவது) தற்காலிகக் கோப்புகள் அனைத்தும் படங்கள் இருக்கும் அதே வன்தட்டுத் தொகுப்பில்தான் இருக்கின்றன.

எனக்கு மூன்று குறைகள் உண்டு. மாலையில் முதன்முதலாக நூலகத்தைத் திறந்தால் போஸ்டர்கள் ஒவ்வொன்றாகச் சொட்டுச் சொட்டாக வந்து நிரம்புகின்றன. ஒருநாள் கடிகாரம் வைத்துப் பார்த்தேன், முதல் பக்கம் முழுதாக வர 14 நொடிகள் ஆயின. இரண்டாவதாக, ஒருவர் கைப்பேசியில் டிரான்ஸ்கோட் செய்து பார்த்துக்கொண்டிருக்கும்போது நான் ஒரு புளூ-ரே தட்டை சர்வருக்கு நகலெடுத்தால், தொலைக்காட்சியில் ஓடும் படம் திக்கித் திக்கி நிற்கிறது. மூன்றாவதாக, எவரும் எதையும் பார்க்காத நேரத்திலும் வன்தட்டுகள் உறங்குவதே இல்லை.

நான் யோசித்து வைத்திருக்கும் வழிகள் இவை: எல்2ஆர்க் என்னும் வாசிப்புக் கேச்சாக ஒன்று, எஸ்-லாக் என்னும் எழுத்துப் பதிவேடாக ஒன்று, மெட்டாடேட்டாவுக்கான (கோப்புகளைப் பற்றிய விவரங்கள்) ஸ்பெஷல் விடெவ் என்னும் தனித் தட்டாக ஒன்று, அல்லது நான்கையும் ஒன்றாகக் கோத்து 1,120 ஜிபி கொள்ளளவில் புதுப்படங்களுக்கென ஒரு வேகமான தொகுப்பு. இவற்றில் எது பயன் தரும், எது வீண் வேலை என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

சுழல்தட்டு எழுதியது:

கடைசி யோசனையை முதலில் தள்ளிவிடுகிறேன். படக்கோப்புகளுக்கு எஸ்எஸ்டியின் வேகம் தேவையே இல்லை. அல்ட்ரா எச்டி புளூ-ரே தட்டில் அனுமதிக்கப்படும் உச்ச வேகமே நொடிக்கு 20 எம்பியைத் தொடாது. பெரிய கொள்ளளவுள்ள ஒற்றை வன்தட்டு, தொடர்ச்சியாக வாசிக்கும்போது நொடிக்கு 150 எம்பிக்கு மேல் தாராளமாகத் தரும். உங்கள் கிகாபிட் நெட்வொர்க்கோ நடைமுறையில் 110 எம்பியைச் சுற்றியே நின்றுவிடும். ஆகவே படத்தை நொடிக்கு 550 எம்பி தரும் சாட்டா எஸ்எஸ்டியில் வைத்தாலும், தொலைக்காட்சிக்கு எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரியப்போவதில்லை. பழைய எஸ்எஸ்டிகள் நான்கைப் பிரதியில்லாமல் கோத்தால் எந்த ஒன்று பழுதானாலும் மொத்தத் தொகுப்பும் போய்விடும் என்பது அதற்கு மேல்.

வன்தட்டு திணறுவது சின்னஞ்சிறு வாசிப்புகளில்தான். நிமிடத்துக்கு 7,200 சுற்றுச் சுழலும் தட்டில் தேவையான இடம் வாசிக்கும் தலைக்குக் கீழே வந்து சேர்வதற்கே சராசரியாக 4.17 மில்லிநொடி ஆகும். தலை நகரும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு வாசிப்புக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று மில்லிநொடி ஆகிவிடும். அப்படியானால் நொடிக்கு எழுபது, எண்பது வாசிப்புகள் மட்டுமே. தட்டுகள் நான்கு இருக்கின்றனவே என்று எண்ண வேண்டாம். ரெய்டு-இசட் தொகுப்பு ஒன்று, சிதறிய வாசிப்புகளில் ஏறத்தாழ ஒற்றைத் தட்டின் வேகத்தைத்தான் தரும், ஏனென்றால் ஒவ்வொரு துண்டும் எல்லாத் தட்டுகளிலும் பிரிந்து கிடக்கிறது. நூலகத்தின் முதல் பக்கத்துக்காக ஜெல்லிஃபின் தரவுத்தளத்தைத் துழாவி, நூற்றுக்கணக்கான போஸ்டர்களையும் அவற்றின் கோப்புறை விவரங்களையும் எடுத்து வர ஆயிரம் சிறு வாசிப்புகள் தேவைப்படுகின்றன என்று வையுங்கள். உங்கள் 14 நொடிக்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை.

எனவே என் பரிந்துரை மிக எளியது. படங்கள் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். ஜெல்லிஃபினின் தரவுத்தளம், போஸ்டர்கள், டிரான்ஸ்கோட் கோப்புறை ஆகிய மூன்றையும் 500 ஜிபி என்விஎம்இக்கு மாற்றுங்கள். இயங்குதளத்தைப் பென் டிரைவிலிருந்து எடுத்து 120 ஜிபியில் போடுங்கள். பென் டிரைவில் தினமும் லாக் எழுதிக்கொண்டிருக்கும் சர்வர் இத்தனை நாள் ஓடியது உங்கள் அதிர்ஷ்டம் என்றுதான் சொல்வேன்.

டிரான்ஸ்கோட் எழுத்துகளால் எஸ்எஸ்டி தேய்ந்துவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். கணக்கைப் போட்டுப் பாருங்கள். 8 மெகாபிட் தரத்தில் இரண்டு மணி நேரப் படத்தை மாற்றினால் எழுதப்படுவது சுமார் 7.2 ஜிபி. நாள்தோறும் இரண்டு படம் என்றாலும் ஆண்டுக்கு ஐந்தேகால் டிபி. சாம்சங் 860 எவோவின் 250 ஜிபி வகைக்கே உற்பத்தியாளர் தரும் உத்தரவாத அளவு 150 டிபி. அது தீருவதற்குள் நீங்கள் இந்தச் சர்வரையே இரண்டு முறை மாற்றிவிடுவீர்கள்.

டிரான்ஸ்கோட் கோப்புறையை வேறு தட்டுக்கு மாற்றியதும் உங்கள் இரண்டாவது குறையும் பெரும்பாலும் போய்விடும். இப்போது நகலெடுப்பு, தற்காலிகக் கோப்பு எழுதுவது, தொலைக்காட்சிக்கு வாசிப்பது ஆகிய மூன்று வேலைகளுக்கும் ஒரே தலைகள் அங்குமிங்கும் ஓடுகின்றன. அதில் ஒன்றையாவது குறையுங்கள். நகலெடுப்பையும் முதலில் எஸ்எஸ்டியில் இறக்கி, இரவில் வன்தட்டுக்கு நகர்த்தினால் இரண்டு குறையும்.

ஒரேயொரு எச்சரிக்கை, நான் பட்டுத் தெரிந்துகொண்டது. டிரான்ஸ்கோட் கோப்புறைக்கு அளவு வரம்பு வைக்காமல் விட்டேன். ஒருநாள் இரவு பெரிய படங்கள் இரண்டு ஒரே நேரத்தில் மாறிக்கொண்டிருந்தபோது எஸ்எஸ்டி நிரம்பி வழிந்தது. அதே தட்டில் இருந்த தரவுத்தளத்தால் ஓர் எழுத்துகூட எழுத முடியாமல் சர்வர் மொத்தமாக நின்றது. ஜெட்எஃப்எஸ்ஸில் ஒவ்வொன்றுக்கும் தனி டேட்டாசெட் (தனிப் பகுதி) அமைத்து, தற்காலிகக் கோப்புகளுக்கு ஒரு கோட்டா (இட வரம்பு) வைத்துவிடுங்கள். தட்டில் ஆறில் ஒரு பங்காவது எப்போதும் காலியாக இருக்கட்டும்.

பழுதுபார்ப்பவன் எழுதியது:

மேலே சொன்னதை அப்படியே ஏற்கிறேன். நீங்கள் கேட்ட மூன்று ஜெட்எஃப்எஸ் வழிகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் அவற்றில் ஒன்று ஆபத்தானது, அதை நானே செய்து நொந்திருக்கிறேன்.

எஸ்-லாக் உங்களுக்கு வேண்டாம். அது எழுத்துக் கேச் அன்று. பெயரைப் பார்த்துப் பலரும் அப்படி நினைத்துவிடுகிறார்கள். எழுதி முடித்ததை உறுதி செய்த பிறகே அடுத்த வேலை என்று காத்திருக்கும் சிங்க் எழுத்துகளுக்கு மட்டுமே அது உதவும். சாம்பா என்னும் நெட்வொர்க் பகிர்வு வழியாகப் படக்கோப்பை நகலெடுப்பது பொதுவாக அந்த வகையில் சேராது. சேர்ந்தாலும், சில நொடிகளுக்கான எழுத்தை மட்டுமே அது தாங்கி நிற்கும் என்பதால் கிகாபிட் வேகத்தில் ஓரிரு ஜிபிக்கு மேல் அதற்குத் தேவைப்படாது. அந்த இடத்துக்கு 250 ஜிபி தட்டைக் கொடுப்பது குண்டூசி வைக்க அலமாரி செய்வதைப் போன்றது. தவிர, மின்சாரம் போனாலும் கையிலிருக்கும் தரவை எழுதி முடிக்கும் மின்தேக்கிகள் உள்ள எஸ்எஸ்டிதான் அந்த வேலைக்குப் பொருத்தம். வீட்டுக் கணினிகளிலிருந்து கழற்றியவற்றில் பெரும்பாலும் அவை இருப்பதில்லை.

எல்2ஆர்க் தீங்கு செய்யாது, ஆனால் படங்களுக்கு உதவவும் செய்யாது. முன்கூட்டியே வாசித்து வைக்கும் தரவை எல்2ஆர்க்கில் சேர்க்காமல் விடுவதே ஜெட்எஃப்எஸ்ஸின் இயல்பு அமைப்பு. படம் ஓடும்போது நடப்பதோ முழுக்க முழுக்க அத்தகைய தொடர் வாசிப்பு. ஒருமுறை பார்த்த படத்தை நாளைக்கே மீண்டும் பார்க்கப் போகிறவர்கள் எத்தனை பேர்? கேச் என்பது திரும்பத் திரும்பக் கேட்கப்படும் பொருளுக்குத்தான். அப்படித் திரும்பக் கேட்கப்படுவது கோப்புறை விவரங்கள் மட்டுமே. படங்கள் உள்ள டேட்டாசெட்டில் செகண்டரிகேச் என்னும் பண்பை மெட்டாடேட்டாவுக்கு மட்டும் என்று மாற்றி, ஒரு 250 ஜிபியை எல்2ஆர்க்காகச் சேர்த்தால், நூலகத்தை முழுதாக ஸ்கேன் செய்யும்போது ஓரளவு வேகம் கிடைக்கும். ஓபன்ஜெட்எஃப்எஸ் 2.0 முதல், சர்வரை மறுதொடக்கம் செய்தாலும் எல்2ஆர்க்கில் உள்ளது அழிவதில்லை. அந்த எஸ்எஸ்டி திடீரென்று செத்துப்போனால் இழப்பு எதுவுமில்லை, வேண்டாம் என்றால் எப்போது வேண்டுமானாலும் கழற்றிவிடலாம். இந்தக் காரணத்துக்காகவே, வயதான எஸ்எஸ்டிக்கு இது பொருத்தமான இடம் என்று நினைக்கிறேன். ஆனால் எல்2ஆர்க்கில் எது எங்கே இருக்கிறது என்ற பட்டியல் ராமில்தான் இருக்கும் என்பதால், ராம் குறைவாக உள்ள சர்வரில் அதை அளவோடு செய்ய வேண்டும்.

இனி ஸ்பெஷல் விடெவ். கேட்பதற்கு இதுதான் எல்லாவற்றையும் விடக் கவர்ச்சியானது. தொகுப்பின் மெட்டாடேட்டா முழுவதும் எஸ்எஸ்டிக்குப் போய்விடும். நீங்கள் விரும்பினால் சிறு கோப்புகளும் போகும். ஆனால் அது கேச் அன்று. மெட்டாடேட்டாவின் ஒரே இருப்பிடம் அதுவாகிவிடுகிறது. அந்த எஸ்எஸ்டி போனால் வன்தட்டுகள் நான்கும் நலமாக இருந்தாலும் தொகுப்பு முழுவதும் போயிற்று. ஒற்றை எஸ்எஸ்டியை ரெய்டு-இசட் தொகுப்பில் இப்படிச் சேர்க்க முயன்றால், பாதுகாப்பு நிலை பொருந்தவில்லை என்று கட்டளை மறுத்துவிடும். நான் கட்டாயப்படுத்தும் விருப்பத்தைச் சேர்த்து அந்த மறுப்பைத் தாண்டிப் போனேன். ஏழு மாதம் அருமையாக ஓடியது. எட்டாம் மாதம் ஒரு காலையில் அந்த எஸ்எஸ்டி பயாஸிலேயே தெரியவில்லை. ஒன்பது டிபியைப் பழைய காப்புநகல்களிலிருந்து திரட்டி எடுக்க மூன்று நாள் ஆனது, சிலவற்றை மூலப் படத்தட்டுகளிலிருந்து மறுபடியும் நகலெடுக்க வேண்டியிருந்தது. ரெய்டு-இசட் உள்ள தொகுப்பில் ஸ்பெஷல் விடெவ்வை ஒருமுறை சேர்த்துவிட்டால் பிறகு நீக்கவும் வழியில்லை. புதிய எஸ்எஸ்டிகள் இரண்டை வாங்கி ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிரதியாக வைக்கத் தயாராக இருந்தால் செய்யுங்கள். இழுப்பறையில் கிடந்ததை வைத்துச் செய்யாதீர்கள்.

எதை எங்கே வைப்பது என்று முடிவெடுக்கும் முன், நான்கு எஸ்எஸ்டிகளின் ஸ்மார்ட் விவரங்களையும் (தட்டு தன் நலம் பற்றித் தானே வைத்திருக்கும் பதிவு) எடுத்து இங்கே இடுங்கள். நீண்ட சுயசோதனையையும் ஓட்டிவிடுங்கள். ஆரோக்கியம் தெரியாத தட்டுக்கு வேலை ஒதுக்குவதில் பொருளில்லை.

அடுக்குப்பெட்டி எழுதியது:

இருவருக்கும் நன்றி. ஸ்பெஷல் விடெவ்வைத்தான் முதலில் செய்வதாக இருந்தேன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

சோதனை முடிவுகள் இவை. 250 ஜிபி தட்டுகளில் முதலாவதில் 241-ஆம் பண்பு, எழுதப்பட்ட செக்டார்கள் சுமார் 8,200 கோடி என்று காட்டுகிறது. செக்டார் ஒன்றுக்கு 512 பைட் என்று கொண்டால் 42 டிபி. வேறு பிழை எதுவும் இல்லை. இரண்டாவது 250 ஜிபி 11 டிபி மட்டுமே எழுதியிருக்கிறது, ஆனால் நீண்ட சோதனை பாதியில் வாசிப்புப் பிழை என்று நின்றுவிட்டது. மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டார்கள் காலையில் 16, மாலையில் 24. என்விஎம்இயில் எழுதப்பட்ட தரவு அலகுகள் சுமார் 7.8 கோடி, பயன்படுத்திய விழுக்காடு 13, மீடியா பிழை சுழியம். 120 ஜிபி தட்டுதான் குழப்புகிறது: எல்லாம் சுழியமாக இருக்க, 199-ஆம் பண்பான சிஆர்சி பிழை மட்டும் 412 என்று நிற்கிறது. இதையும் தூக்கிப் போட வேண்டியதுதானா?

இன்னொன்றும் நடந்தது. என்விஎம்இயை மதர்போர்டில் பொருத்தி இயக்கியவுடன் நான்கு வன்தட்டுகளில் ஒன்றைக் காணவில்லை. தொகுப்பு குறைபட்ட நிலையில் இருப்பதாக மின்னஞ்சல் வந்தது. கை நடுங்கிவிட்டது. கேபிளை மாற்றினேன், மின்இணைப்பை மாற்றினேன், பயனில்லை. என்விஎம்இயைக் கழற்றியதும் வன்தட்டு திரும்பி வந்தது. இதற்கு என்ன பொருள்?

பழுதுபார்ப்பவன் எழுதியது:

அதற்கு உங்கள் மதர்போர்டின் கையேட்டைப் புரட்டினால் போதும். பல மதர்போர்டுகளில் எம்.2 துளையும் சில சாட்டா போர்ட்களும் ஒரே பாதையைப் பகிர்ந்துகொள்கின்றன, எம்.2 நிரம்பினால் ஐந்தாவது, ஆறாவது போர்ட்கள் அணைந்துவிடும், சிலவற்றில் வேறு எண்கள். வன்தட்டின் கேபிளை அந்தப் பகிர்வில் இல்லாத போர்ட்டுக்கு மாற்றுங்கள். ஜெட்எஃப்எஸ் தட்டுகளைப் போர்ட் எண்ணைக் கொண்டு அல்லாமல் அவற்றின் உள்ளே எழுதியிருக்கும் அடையாளத்தைக் கொண்டு கண்டுகொள்வதால், இடம் மாறினாலும் தொகுப்பு கலையாது. மாற்றிய பிறகு ஒரு ஸ்க்ரப் (தரவு முழுவதையும் வாசித்துச் சரிபார்ப்பது) ஓட்டிவிடுங்கள்.

120 ஜிபியைத் தூக்கிப் போட வேண்டாம். சிஆர்சி பிழை, தட்டுக்கும் கட்டுப்பாட்டுச் சில்லுக்கும் இடையே தரவு போகும் வழியில் நேர்வது. பத்தில் ஒன்பது முறை அது தளர்ந்த அல்லது மடங்கிய சாட்டா கேபிள். அந்த எண் ஒருபோதும் குறையாது, ஆகவே 412 என்று பார்த்துப் பதற வேண்டாம். வேறு கேபிளில் ஒரு வாரம் ஓட்டிய பிறகும் 412-லேயே நின்றால் தட்டு நலம்.

இரண்டாவது 250 ஜிபிக்கு இரக்கம் காட்டாதீர்கள். குறைவாக எழுதப்பட்டது என்பதற்காக நல்ல தட்டு ஆகிவிடாது. ஒரே நாளில் 16 என்பது 24 ஆகிறது என்றால் அது போய்க்கொண்டிருக்கிறது. எல்2ஆர்க்குக்குக்கூட வேண்டாம்.

ஒரு சிறு குறிப்பு: 241-ஆம் பண்பை எல்லா உற்பத்தியாளர்களும் 512 பைட் அலகில் எழுதுவதில்லை, சிலர் 32 எம்பி அலகிலும் சிலர் ஜிபியிலும் எழுதுகிறார்கள். உங்கள் கணக்கில் வந்த 42 டிபி நம்பத்தக்க அளவாக இருப்பதால் அலகு சரியாகத்தான் இருக்க வேண்டும். என்விஎம்இயில் இந்தக் குழப்பம் இல்லை. அங்கே ஓர் அலகு என்றால் 5,12,000 பைட். உங்களுடையது ஏறத்தாழ 40 டிபி எழுதியிருக்கிறது.

மின்சிக்கனம் எழுதியது:

உங்கள் மூன்றாவது குறையைப் பற்றி யாரும் விரிவாகப் பேசவில்லை. எனக்கோ அதுதான் முதன்மையானது, ஏனென்றால் என் சர்வர் படுக்கையறைச் சுவரை ஒட்டி நிற்கிறது.

சும்மா சுழலும் வன்தட்டு ஒன்றுக்கு நான்கு முதல் ஆறு வாட் வரை செலவாகும். நான்கு தட்டு என்றால் இருபது வாட் இரவு பகலாகப் போகிறது, எஸ்எஸ்டியோ ஓய்வில் ஒரு வாட்டைக்கூடத் தொடாது. தட்டுகள் உறங்காததற்குக் காரணம் பெரும்பாலும் படங்கள் அல்ல, அவற்றின் மேலேயே உட்கார்ந்திருக்கும் தரவுத்தளமும் லாக் கோப்புகளும்தான். சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒரு வரி எழுதப்பட்டாலும் தட்டு உறங்காது. தரவுத்தளத்தை என்விஎம்இக்கு மாற்றிய அன்றே உங்களுக்கு வேறுபாடு தெரியும்.

ஆனால் ரெய்டு-இசட்டில் உறக்கத்துக்கு ஒரு விலை உண்டு. எந்தப் படத்தைத் தொட்டாலும் நான்கு தட்டுகளும் எழ வேண்டும். ஒரு தட்டு முழுவேகம் பிடிக்கப் பத்து நொடிக்கு மேல் ஆகும். ஒன்றன்பின் ஒன்றாக எழுப்பும் கட்டுப்பாட்டு அட்டையாக இருந்தால் அரை நிமிடத்தைத் தாண்டும். பொத்தானை அழுத்திவிட்டு இருண்ட திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டாருக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். எனவே பத்து நிமிட ஓய்வுக்கெல்லாம் உறங்க வைக்காமல், ஒரு மணி நேரமாவது வையுங்கள். அடிக்கடி நிறுத்தி எழுப்புவதும் தட்டுக்கு நல்லதன்று.

நான் ஜெட்எஃப்எஸ் பயன்படுத்துவதில்லை. மெர்ஜர்எஃப்எஸ் வழியாகத் தனித்தனித் தட்டுகளை ஒரே கோப்புறையாகக் காட்டி, பாதுகாப்புக்கு ஸ்னாப்ரெய்டு வைத்திருக்கிறேன். அந்த அமைப்பில் ஒரு படம் ஒரே தட்டில் முழுதாக இருப்பதால் அந்த ஒரு தட்டு மட்டும் எழுந்தால் போதும். அதன் முன்னே 1 டிபி எஸ்எஸ்டியை வைத்து, புதிதாக வரும் எல்லாம் முதலில் அதில் இறங்கும்படி செய்திருக்கிறேன். இருபது நாள் கடந்த கோப்புகளை ஒரு சிறு ஸ்கிரிப்ட் இரவில் வன்தட்டுக்கு நகர்த்துகிறது. எங்கள் வீட்டில் பார்க்கப்படுவதில் பெரும்பகுதி அண்மையில் வந்ததுதான் என்பதால், வாரத்தில் சில நாட்கள் வன்தட்டுகள் எழுவதே இல்லை. இருபது நாள் எஸ்எஸ்டியில் இருக்கும் கோப்புக்கு ஸ்னாப்ரெய்டின் பாதுகாப்பு கிடையாது என்பதை மட்டும் ஏற்றுக்கொண்டிருக்கிறேன். மூலத் தட்டு அலமாரியில் இருக்கும்போது அது பெரிய இழப்பு அல்ல.

உங்கள் அமைப்பிலும் என்விஎம்இயில் மிஞ்சும் இடத்தை இப்படி இறங்குதளமாக வைக்கலாம். ஆனால் தரவிறக்க மென்பொருள் ஹார்ட்லிங்க் (ஒரே கோப்புக்கு இன்னொரு பெயர்) வைத்துப் பழகியிருந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: இரு வேறு கோப்பு முறைமைகளுக்கு இடையே ஹார்ட்லிங்க் செல்லாது. எஸ்எஸ்டியிலிருந்து வன்தட்டுக்குப் போவது உண்மையான நகலெடுப்பு, ஆகவே இரண்டு இடங்களிலும் இடம் பிடிக்கும் நேரம் ஒன்று உண்டு.

விலை குறைந்த கியூஎல்சி (ஒரு செல்லில் நான்கு பிட் வைக்கும்) எஸ்எஸ்டிகளை இறங்குதளமாக வைப்பவர்களுக்கும் ஒரு சொல். முதல் சில பத்து ஜிபிகளைப் பாய்ந்து எழுதிவிட்டு, உள்ளிருக்கும் வேகமான பகுதி நிரம்பியதும் அவற்றில் சில வன்தட்டைவிட மெதுவாகிவிடும். ஒரு புளூ-ரே நகலுக்கு அது தாங்கும், தட்டு தட்டாக இறக்கினால் தாங்காது.

நள்ளிரவுக்காவல் எழுதியது:

எல்லோரும் நான்கையும் சர்வருக்குள் நுழைப்பதிலேயே குறியாக இருக்கிறீர்கள். இருக்கிறது என்பதற்காகப் பொருத்தும் ஒவ்வொரு தட்டும் இன்னொரு கேபிள், இன்னொரு பழுதுக்கான வாய்ப்பு. அதிலும் மின்இணைப்பு போதாமல் போனால் வார்ப்படப் பிளாஸ்டிக்கில் செய்த மலிவான மோலெக்ஸ்-சாட்டா பிரிப்பான்களை வாங்கி மாட்டுகிறார்கள். அவை உருகித் தீப்பிடித்த படங்களைப் பார்த்திருப்பீர்கள்.

என் கருத்து: என்விஎம்இ ஒன்று வேலைக்கு, 120 ஜிபி இயங்குதளத்துக்கு, அத்துடன் நிறுத்துங்கள். நல்ல 250 ஜிபியைக் குடும்பப் படங்களின் வெளிக்காப்புநகலாக ஒரு யூஎஸ்பி உறையில் போட்டு வையுங்கள்.

சுழல்தட்டு எழுதியது:

முதல் பாதியோடு உடன்படுகிறேன், கடைசி வரியோடு இல்லை. தேய்ந்த எஸ்எஸ்டியை மின்சாரம் இல்லாமல் அலமாரியில் போட்டு வைப்பது காப்புநகலுக்கு ஏற்ற வழி அன்று. ஃபிளாஷ் செல்களில் தேங்கியிருக்கும் மின்னூட்டம் மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும். ஜெடெக் அமைப்பின் ஜெஎஸ்டி218 தரநிலை, வீட்டு உபயோக எஸ்எஸ்டி தன் எழுத்து வரம்பை முழுதாகத் தீர்த்த பிறகு, மின்சாரமின்றி 30 டிகிரி செல்சியஸில் ஓராண்டு தரவைக் காக்க வேண்டும் என்றுதான் கேட்கிறது. அடுக்குப்பெட்டியின் தட்டு வரம்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே எழுதியிருப்பதால் அதைவிட நெடுங்காலம் தாங்கும். என்றாலும் ஐந்து ஆண்டு மறந்துவிட்டு எடுத்துப் பார்க்கும் பொருளுக்கு வன்தட்டையே நம்புவேன். யூஎஸ்பி உறைகள் பலவற்றில் டிரிம் கட்டளை (அழிக்கப்பட்ட இடங்களை எஸ்எஸ்டிக்குத் தெரிவிப்பது) தட்டைப் போய்ச் சேர்வதும் இல்லை.

அடுக்குப்பெட்டிக்கு: என்விஎம்இக்குக் கண்ணாடிப் பிரதி தேவையில்லை என்பது என் எண்ணம். போஸ்டர்கள் போனால் மீண்டும் இறங்கிக்கொள்ளும், டிரான்ஸ்கோட் கோப்புகள் போனால் யாரும் அழப்போவதில்லை. பயனர் கணக்குகளும், யார் எதை எதுவரை பார்த்தார்கள் என்ற விவரமும் மட்டுமே திரும்பக் கிடைக்காதவை. என்விஎம்இயிலும் ஜெட்எஃப்எஸ் போட்டு, ஒவ்வோர் இரவும் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வன்தட்டுத் தொகுப்புக்கு அனுப்பிவிடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தைச் சாதாரணமாக நகலெடுத்தால் பாதி எழுதிய நிலையில் சிக்கும் அபாயம் உண்டு. ஸ்னாப்ஷாட் ஒரே கணத்தின் நிலையைப் பிடிப்பதால் அந்தத் தொல்லை இல்லை. தரவுத்தளத்தை நெட்வொர்க் பகிர்வில் மட்டும் வைத்துவிடாதீர்கள், ஜெல்லிஃபின் பயன்படுத்தும் எஸ்கியூலைட் தரவுத்தளத்தின் பூட்டு முறை அங்கே நம்பத்தக்கதன்று. ஜெட்எஃப்எஸ்ஸில் ஆட்டோடிரிம் இயல்பாக அணைந்திருக்கும் என்பதையும் நினைவில் வைத்து, மாதம் ஒருமுறையாவது டிரிம் ஓட்டுங்கள்.

அடுக்குப்பெட்டி எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

வன்தட்டை வேறு போர்ட்டுக்கு மாற்றினேன், ஸ்க்ரப் பிழையின்றி முடிந்தது. 120 ஜிபி புதிய கேபிளில் இயங்குதளத்தைச் சுமக்கிறது. எண் இன்னும் 412. என்விஎம்இயில் மூன்று டேட்டாசெட்: ஜெல்லிஃபினுக்கு ஒன்று, 60 ஜிபி கோட்டாவுடன் டிரான்ஸ்கோடிங்குக்கு ஒன்று, 250 ஜிபியில் இறங்குதளம் ஒன்று. 14 நொடி எடுத்த முதல் பக்கம் இப்போது இரண்டு நொடிக்குள் வந்துவிடுகிறது. நகலெடுக்கும்போதும் படம் நிற்பதில்லை. படத்தை ஓட்டிப் பார்க்கும்போது தோன்றும் முன்னோட்டச் சிறுபடங்களை உருவாக்குவது மட்டும் முன்போலவே மெதுவாக நடக்கிறது.

நல்ல 250 ஜிபியை எல்2ஆர்க்காகச் சேர்த்துப் பத்து நாள் பார்த்தேன். ஆர்க் (ராமில் உள்ள வாசிப்புக் கேச்) புள்ளிவிவரத்தில் ராமிலிருந்தே 97 விழுக்காட்டுக்கு மேல் கிடைத்துவிடுகிறது, எல்2ஆர்க்குக்கு வேலையே இல்லை. கழற்றிவிட்டேன்.

வன்தட்டுகள் இப்போது உறங்குகின்றன. ஆனால் அரைமணி நேரத்துக்கு ஒருமுறை நான்கும் எழுந்துவிடுகின்றன. யாரும் எதையும் தொடவில்லை, லாக்கிலும் ஒன்றும் இல்லை.

சுழல்தட்டு எழுதியது:

சிறுபடங்கள் அப்படித்தான் இருக்கும். பத்து நொடிக்கு ஒரு படம் எடுப்பதற்காகப் படக்கோப்பு முழுவதையும் வன்தட்டிலிருந்து வாசித்துப் பிரித்தாக வேண்டும். அங்கே எஸ்எஸ்டி என்ன செய்ய முடியும்? இரவில் ஓடும்படி வைத்துவிடுங்கள்.

அரைமணி நேரம் என்றால் ஸ்மார்ட் விவரங்களைக் கண்காணிக்கும் ஸ்மார்ட்-டி (smartd) என்னும் பின்னணி மென்பொருள்தான் என்று பந்தயம் கட்டுவேன். இயல்பு அமைப்பில் அது 30 நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு தட்டையும் தட்டிக் கேட்கும். அதன் அமைப்புக் கோப்பில், உறங்கும் தட்டைத் தொடாதே என்று சொல்லும் ஸ்டான்ட்பை விருப்பத்தைச் சேர்த்து மறுதொடக்கம் செய்து பாருங்கள்.

அடுக்குப்பெட்டி எழுதியது:

அதுவேதான். நேற்றிரவு பதினொன்றரைக்கு உறங்கிய தட்டுகள், இறங்குதளத்திலிருந்து கோப்புகளை நகர்த்தும் நான்கு மணி வேலைக்கு மட்டுமே எழுந்தன. 250 ஜிபி மறுபடி இழுப்பறைக்குப் போய்விட்டது. இன்னொன்றின் தரவை அழித்துவிட்டு மின்கழிவுப் பெட்டியில் போட்டேன்.